சிந்தாமணியைக் கற்றோர்: நூற்பற்றின் இயல்பு குறித்து ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

இலக்கிய வரலாறு என்னும் பெயரால் நாம் இதுகாறும் எழுதிவந்தவை பெரும்பாலும் புலவர்களின் வரலாறும் நூல்களின் வரலாறுமே ஆகும். புலவர் பிறந்த ஊர், வாழ்ந்த காலம், பாடிய நூல், அந்நூலின் யாப்பு, அதற்கு முதலாக அமைந்த கதை ஆகியவற்றை ஆராய்ந்து முடிவு கூறுவதோடு நம் பணி நிறைவுறுவதாகக் கருதுகிறோம். அந்நூலைக் கற்றோர் யாவர், அவர் அதனை ஏன் விரும்பினர், அவ்விருப்பம் அவரை என் செய்தது, அந்நூலை என் செய்தது என்னும் வினாக்கள் ஆராய்ச்சிக்கு உரியனவாக எண்ணப்படுவது அரிது. நூலின்மேல் ஒருவர் கொள்ளும் பற்று அவருடைய உள்ளத்து நிகழ்ச்சி. அதனை அளந்தறிதல் இயலாது என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

இக்காரணம் முற்றும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. ஓலையில் எழுதப்பெற்ற நூல் என்றும் நிலைப்பதன்று. கறையானும் ஈரமும் அதனை அழிக்குமுன் ஒருவர் அமர்ந்து பெயர்த்தெழுதினாலன்றி அஃது எஞ்சாது. பெயர்த்தெழுதுதல் பல நாள் உழைப்பை வேண்டுவது. விரும்பாத நூலுக்காக அவ்வுழைப்பை மேற்கொள்வார் சிலரே. ஆகவே நம் கைக்கு வந்துள்ள ஒவ்வொரு பழைய நூலும், பெயர் தெரியாத எத்துணையோ பேருடைய பற்றினால் வந்ததே ஆகும். பற்று உள்ளத்தே தோன்றினும் அதன் விளைவு ஏட்டில் இருக்கிறது. உரையிலும், பதிப்பிலும், முகவுரையிலும், செவிவழிக் கதையிலும் அது தன் சுவட்டைப் பதித்துள்ளது. அச்சுவட்டை ஆராய்தல் இயலும்.

இக்கட்டுரை அவ்வாராய்ச்சிக்குச் சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்கிறது. திருத்தக்கதேவர் இயற்றிய இச்சமண காவியம் 13 இலம்பகங்களும் 3,145 செய்யுட்களும் கொண்டது. நாமகள் இலம்பகத்தில் தொடங்கி முத்தி இலம்பகத்தில் முடிவது. மணநூல் என்னும் மறுபெயர் பெறுமளவு இன்பச்சுவை நிரம்பியதாயினும், துறவையே முடிந்த முடிபாகக் காட்டுவது. இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. இந்நூலைப் போற்றியவருள் தலையாயோர் பலர் இதன் சமயத்தைச் சாராதவர். தம் கொள்கையைக் கூறாத நூலின்மேல் ஒருவர்க்குப் பற்று உண்டாகுமாயின், அங்கே பற்றின் இயல்பு கலப்பின்றித் தெரியவரும்.

2. சுவையும் பற்றும்

படிப்போர் உள்ளத்தைத் தமிழிலக்கணம் மறந்துவிடவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என ஓர் இயலையே வகுத்தார். நகை முதலிய எட்டனையும் விளக்குமிடத்து, சுவை என்பது காணப்படும் பொருள் காரணமாகக் காண்பவர் உள்ளத்தே தோன்றும் மாற்றம் என்னும் கருத்துப்பட இளம்பூரணர் உரைப்பர். பொருளில் மட்டும் சுவை இல்லை. நுகர்வோனும் கூடிய வழியே அது பிறக்கிறது என்பது இதனாற் பெறப்படும்.

ஆயின் மெய்ப்பாட்டியல் கூறுவது சுவை நிகழும் கணத்தைப் பற்றியது. கூத்து முடிந்தபின்னும், ஏடு கட்டப்பட்டபின்னும் எஞ்சி நிற்பது யாது என்பது அதன் ஆராய்ச்சிக்கு உட்பட்டதன்று. அவ்வாறு எஞ்சி நிற்பதையே ஈண்டுப் பற்று என்கிறோம். சுவை ஒருமுறை படிப்பதால் உண்டாகலாம். பற்று மீண்டும் மீண்டும் அந்நூலிடம் செல்வதால் உண்டாவது. நன்னூலார் பாடங் கேட்டலின் முறையைக் கூறுங்கால், இருமுறை கேட்பவன் பிழைபாடு நீங்குவான் என்றும், மும்முறை கேட்பவன் பிறர்க்கு முறைப்படி உரைக்க வல்லனாவான் என்றும் படிநிலை வகுத்தார். அவர் கூறியது கல்வி முறையே ஆயினும், பற்று வளரும் முறையும் அதுவே எனக் கொள்ளலாம். முதல் முறையில் நாம் நூலை நோக்கிச் செல்கிறோம். மீண்டும் செல்லுந்தோறும் நூல் நம்மைத் திருத்தத் தொடங்குகிறது.

இவ்விரண்டனையும் வேறுபடுத்திக்கொள்ளாமையால் விளையும் குழப்பம் சிறிதன்று. சுவைக்கு உரியவன் நுகர்வோன். அங்கே அவன் கூற்றே முடிவு. எனக்கு இச்செய்யுள் இனிக்கிறது என்பானை மறுத்துரைத்தல் இயலாது. பற்றோ ஒரு கடமையை உடன்கொண்டு வருவது. தாம் பற்றுவைத்த பொருள் தம்மின் வேறாக இருக்கிறது என்பதையும், அதற்கென ஓர் உருவும் உரிமையும் உண்டு என்பதையும் ஏற்றுக்கொள்வதே அக்கடமை. சிந்தாமணியைக் கற்றோர் வரலாறு இதனை வலியுறுத்துகிறது.

3. அரசன் விரும்பிய நூல்

சேக்கிழார் பெரியபுராணம் பாடியதற்கு ஒரு காரணம் கூறப்படுகிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாக வழங்கும் திருத்தொண்டர் புராண வரலாறு அதனைத் தெரிவிக்கிறது. அநபாய சோழன் சிந்தாமணியை மெய்யென்று கொண்டு விரும்பிக் கேட்டான் என்றும், அமைச்சராகிய சேக்கிழார் அதனை விலக்கிச் சிவனடியார் வரலாற்றை எடுத்துரைத்தார் என்றும், அதன் பயனாகவே பெரியபுராணம் தோன்றியது என்றும் அந்நூல் கூறும். இந்நிகழ்ச்சி நடந்ததோ இல்லையோ, அஃது இவ்வாறு கூறப்பட்டது என்பதே நமக்கு வேண்டுவது.

இக்கதையில் சிந்தாமணிக்குச் சுவையில்லை என்று கூறப்படவில்லை. சுவை மிகுதியே அங்குக் குற்றமாகக் கருதப்படுகிறது. சுவையால் ஈர்க்கும் நூல் படிப்போனைத் தன் கொள்கைக்கும் ஈர்க்கும் என்னும் அச்சம் அக்கதையின் உள்ளீடு. சுவை வேறு, பயன் வேறு. பயனில்லாத சுவைமேற் செல்லும் பற்று விலக்கத்தக்கது என்பது அமைச்சர் வழக்கு. இந்நூல் ஒரு மன்னனுடைய உள்ளத்தைப் பிணிக்கவல்லது என்பதற்கு, அதனை விலக்க எழுந்த கதையே சான்றாகிறது. அதனை வெல்வதற்கு மற்றொரு பெருங்காப்பியமே வேண்டப்பட்டது என்றும் அக்கதை ஒப்புக்கொள்கிறது.

திருத்தக்கதேவரைப் பற்றி வழங்கும் கதைகளும் இத்தகையனவே. துறவியாகிய இவர் இன்பச்சுவையை இவ்வளவு நுட்பமாகப் பாடியது எங்ஙனம் என ஐயுற்றாரை நோக்கி, அவர் தம் தூய்மையை மெய்ப்பித்துக் காட்டினார் என ஒரு கதை வழங்குகிறது. படிப்போர் நூலை நுகர்ந்தனர், நுகர்ந்ததனால் அச்சமுற்றனர், அவ்வச்சத்தைத் தீர்க்கக் கதை புனைந்தனர். இலக்கிய ஆராய்ச்சியில் பொய்யெனத் தள்ளப்படும் இக்கதைகள், படிப்போர் வரலாற்றில் மெய்யான சான்றுகளாகும்.

4. உரையாசிரியர் கொண்ட பற்று

உமாபதி சிவாசாரியார் வாழ்ந்தது 14ஆம் நூற்றாண்டு. நச்சினார்க்கினியரையும் அந்நூற்றாண்டினராகவே ஆராய்ச்சியாளர் பலரும் கொள்வர். சைவர் ஒருவர் பெயரால் வழங்கும் நூல் சிந்தாமணிப் பற்றைக் குற்றமெனப் பதிந்த அதே காலப்பகுதியில், மற்றொரு சைவர் அந்நூல் முழுமைக்கும் உரை வரைந்தார் என்பது ஊன்றி நோக்கத்தக்கது.

நச்சினார்க்கினியர் முதலில் எழுதிய உரையைச் சமண அறிஞர் ஏற்கவில்லை என்றும், பின்னர் அவர் சமண நூல்களை முறையாகக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் செவிவழிச் செய்தி ஒன்றுண்டு. இச்செய்தி உரையாசிரியர்பால் தமிழுலகம் எதிர்பார்த்தது யாது என்பதைக் காட்டுகிறது. இலக்கணப் புலமை மட்டும் போதாது. நூல் பிறந்த இடத்தினர் ஏற்குமாறு உரை அமைதல் வேண்டும். அதற்காக உரையாசிரியர் மீண்டும் மாணவராதல் வேண்டும் என்பதே அவ்வெதிர்பார்ப்பு.

அவ்வுரையாசிரியரே பத்துப்பாட்டுக்கு உரை வகுத்தபோது, சொற்களையும் அடிகளையும் தொலைவிலிருந்து கொண்டுவந்து கூட்டிப் பொருள் உரைத்தார் என்பதும் நாம் அறிந்ததே. மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் இதனைக் கண்டித்து, பாட்டின் இயல்பான ஒழுங்கிலேயே பொருள் காணலாம் எனக் காட்டினார். ஆகவே ஒருவரிடமே பற்றின் இருவேறு போக்குகளும் அமைதல் கூடும். ஒன்று நூலுக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்வது. மற்றொன்று தன் கருத்துக்கு ஏற்ப நூலை வளைப்பது. பற்று இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது; அது எப்பக்கம் செல்கிறது என்றும் கேட்டல் வேண்டும்.

5. குடந்தையில் 1880ஆம் ஆண்டு

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1880 பிப்ரவரியில் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் முறையாகப் பாடங் கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் துறைபோயவர். அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், குடந்தைக்கு முனிசீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் முதன்முதலாகக் கண்டார். தாம் கற்ற நூல்களின் பெயர்களை ஐயர் அடுக்கிக் கூறினார், முதலியார் மகிழவில்லை. அவற்றின் முந்திய நூல்களைக் கற்றதுண்டா எனவும், சிந்தாமணியைக் கற்றதுண்டா எனவும் வினவினார். ‘என் சரித்திரம்’ இச்சந்திப்பைத் தம் வாழ்வின் திருப்பமாகவே ஐயர் கருதியதைக் காட்டுகிறது.

ஐயர் சிந்தாமணியை முதலில் எடுத்தது பற்றினால் அன்று. அறியாத நூல் ஒன்று உண்டென்பது புலப்பட்டமையால் எடுத்தார். முதலியார் கொடுத்த படியைப் படிக்கத் தொடங்கியபோது சொற்களும் கருத்துகளும் தடுத்தன. தமிழ்ச் சொற்கள் விளங்கிய இடத்தும் பொருள் விளங்கவில்லை. ஏனெனில் அங்குப் பேசப்பட்ட உலகம் அவர் அறிந்த உலகம் அன்று. அத்தடையே பற்றுக்குத் தொடக்கமாயிற்று. எளிதில் நுகர்ந்த நூல்கள் பலவற்றை விட்டு, நுகர்தற்கரிய நூலொன்றினிடம் அவர் மீண்டும் மீண்டும் சென்றார்.

பின்னர் அவர் செய்ததே நம் ஆராய்ச்சிக்கு நடுவானது. குடந்தையில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்றார். சென்ற இடத்தில் சிந்தாமணியைப் படித்துக் கேட்டு முடித்த நிறைவு விழா நடந்துகொண்டிருக்கக் கண்டார். தமிழ்ப் புலவர் பலர் ஏறெடுத்தும் பாராதிருந்த நூல், ஓரில்லத்தில் தோரணம் கட்டிக் கொண்டாடப்படும் நூலாக இருந்தது. புலவர் உலகில் அது மறைந்திருந்தது. அதனைத் தமதென்று கொண்டோரிடம் மறையவில்லை. சந்திரநாத செட்டியார் முதலிய சமண அன்பர்களிடம் ஐயர் தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். அவர் கேட்ட வினாக்களின் ஆர்வத்தைக் கண்டு அவ்வில்லத்துப் பெண்மணி ஒருவர், இவர் பவ்விய சீவனோ என வினவிய செய்தியை ஐயர் மகிழ்ச்சியோடு பதிந்துள்ளார். வீடுபேற்றுக்குப் பக்குவமான உயிர் என்பது சமண மரபில் அச்சொல்லின் பொருள். சைவ ஒழுக்கத்தில் ஊன்றிய ஒருவர் அச்சொல்லைப் பாராட்டாக ஏற்றமை, நூற்பற்று எத்துணைத் தொலைவு ஒருவரை அழைத்துச் செல்லும் என்பதற்குத் தக்க சான்றாகும். அவர் சமணராகவில்லை, ஆகவேண்டிய தேவையும் நேரவில்லை.

1887இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேறியது. அதற்கு முன் 1868இல் கிறித்தவப் பெரியாராகிய பவர், நாமகள் இலம்பகத்தை மட்டும் உரையுடன் வெளியிட்டிருந்தார். சைவத் திருமடமாகிய திருவாவடுதுறையிலிருந்தும் ஐயருக்கு ஏட்டுப்படிகள் கிடைத்தன. சமண முனிவர் பாடிய நூல் சைவ உரையாசிரியரால் விளக்கம் பெற்று, சைவ மடத்தில் ஏடாகக் காக்கப்பட்டு, கிறித்தவர் ஒருவரால் ஒரு பகுதி அச்சேறி, சமண இல்லங்களில் பொருள் கேட்டறிந்த சைவர் ஒருவரால் முழுமையும் வெளிவந்தது. சமயம் பற்றிய பூசல் இருந்த நாட்டிலேயே இதுவும் நிகழ்ந்தது. சமண நூலை வெளியிடுகிறாரே என அக்காலத்தே சிலர் ஐயரைக் குறைகூறாமலும் இல்லை. அநபாயன் அவையில் எழுந்ததாகக் கூறப்படும் வினா 19ஆம் நூற்றாண்டிலும் எழுந்தது என்பதை இதனால் உணரலாம்.

6. பற்றின் மறுபக்கம்

கம்பர் தம் காவியத்திற்குச் சிந்தாமணியிலிருந்தும் ஓர் அகப்பை முகந்துகொண்டதாகக் கூறினார் என்பது வழிவழி வரும் செய்தி. அக்கம்பரின்மேல் 20ஆம் நூற்றாண்டில் ஒருவர் கொண்ட பற்றை ஐயரின் பற்றோடு ஒப்புநோக்குதல் பயனுடையது. அவர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்.

இரசிகமணியின் தொண்டு பெரிது. அறிஞர் சிலரிடையே அடங்கியிருந்த கம்பர் கவியை, வட்டத்தொட்டி என்னும் தம் இல்லத்துக் கூட்டத்திலும் மேடையிலும் கட்டுரையிலும் எடுத்துரைத்துப் பல்லோர்க்கும் உரியதாக்கினார். செய்யுளைக் கண்ணாற் படிப்பதைவிட வாய்விட்டுச் சொல்லிச் செவியால் நுகர்தல் வேண்டும் என அவர் கற்பித்த பாடம் நம் வகுப்பறைகளுக்கு இன்றும் வேண்டுவது. அவருடைய பற்றின் ஆழத்தை ஐயுறுவார் இலர்.

ஆயின் அப்பற்று நூலிடத்தே செய்தது யாது? 10,000-க்கு மேற்பட்ட செய்யுட்களுள், தம் செவிக்கும் உள்ளத்திற்கும் கம்பர் வாக்காகப் படாதனவற்றை இடைச்செருகல் என அவர் ஒதுக்கினார். ஏற்றுக்கொண்ட செய்யுட்களிலும் பாடங்களைத் திருத்தினார். ஏடுகளின் சான்று இவற்றிற்கு அளவுகோலாக அமையவில்லை, சுவையே அளவுகோலாயிற்று. கம்பர் நூலில் இடைச்செருகல் இல்லை என்பது நம் கருத்தன்று. ஏடுதோறும் செய்யுள் தொகை வேறுபடுவதை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏடுகளை ஒப்புநோக்கி வெளியிட்ட பதிப்பும் காட்டும். ஆராயவேண்டுவது வேறொன்று. ஒரு செய்யுள் எனக்கு இனிக்கவில்லை என்பதிலிருந்து அது கம்பர் பாடியதன்று என்னும் முடிவுக்குச் செல்ல வழியுண்டோ என்பதே அது. அவ்வாறு செல்லின், நாம் விரும்பும் கம்பரே கம்பர் ஆவார். 12ஆம் நூற்றாண்டிலோ அதற்கு முன்போ வாழ்ந்த ஒருவர், நம் விருப்பத்திற்கு மாறாகவும் பாடியிருத்தல் கூடும் என்பது மறைந்துவிடும்.

ஐயர் பதிப்பித்த புறநானூற்றையும் பரிபாடலையும் எடுத்து நோக்குக. ஏட்டில் சிதைந்துபோன இடங்களை அவர் புள்ளியிட்டு விடுத்துள்ளார். யாப்பும் பொருளும் நன்கறிந்த அவருக்கு ஒரு சீரை இட்டு நிரப்புதல் அரிய செயலன்று. செய்யுள் இயற்ற வல்லவர், ஓசை அறிந்தவர், அந்நூல்களுக்காக வாழ்நாளைக் கொடுத்தவர். அவரைக் காட்டிலும் அவ்விடத்தை நிரப்ப உரிமையுடையார் யார்? ஆயினும் அவர் நிரப்பவில்லை. பாட வேறுபாடுகளையும் அடிக்குறிப்பிற் காட்டினார். அப்புள்ளிகளை நாம் குறையெனக் கருதிக் கடந்து செல்கிறோம். அவை பற்றின் அடையாளங்கள். நூல் தம்முடையதன்று என்பதை அறிந்த ஒருவரின் அன்பு அங்கே தன்னை அடக்கிக்கொண்டு நிற்கிறது.

7. பெறப்படுவன

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, நூற்பற்று கருத்து ஒற்றுமையால் மட்டும் உண்டாவதன்று. தம் கொள்கையைத் தமக்கே திருப்பிக் கூறும் நூலை விரும்புதல் எளிது. சிந்தாமணியின் சிறந்த படிப்போர் பலர் அதன் முடிபை ஏற்காதவரே. இரண்டாவது, தடை பற்றுக்குப் பகையன்று. விளங்காமை படிப்போனை ஓட்டவும் கூடும். நூலைத் தமதென்று கொண்டோரிடம் அவனை அழைத்துச் செல்லவும் கூடும். மூன்றாவது, பற்றின் மெய்ம்மையை அதன் வேகத்தால் அளத்தல் தகாது. அது நூலை நூலாக விட்டுவைத்ததா என்பதனாலேயே அளத்தல் வேண்டும்.

இச்செய்திகள் இன்று தமிழ்த்துறைகளில் பயில்வோர்க்கு உரியன. ஆராய்ச்சி மாணவரை நோக்கி எந்நெறியில் ஆராயப்போகிறீர் என்று நாம் முதலில் வினவுகிறோம். எந்நூலை மும்முறை படித்தீர் என வினவுவது குறைந்துவருகிறது. இதனால் பற்றில்லாத ஆராய்ச்சிகள் பெருகுகின்றன. அவற்றில் பிழை குறைவாக இருக்கலாம், ஆயின் நூலுக்கும் ஆராய்வோனுக்கும் இடையே ஒன்றும் நிகழ்ந்திருப்பதில்லை. மற்றொரு புறம், தம் மரபு, தம் ஊர், தம் கொள்கை ஆகியவற்றைப் பேசும் நூல்களிடமே செல்லும் மாணவரும் உளர். அவர்க்குப் பற்று உண்டு; அது தம்மைவிட்டு வெளியே செல்வதில்லை. தாம் காண விரும்பியதையே சங்கச் செய்யுளிலும் காப்பியத்திலும் கண்டு மீள்கின்றனர்.

இவ்விரு குறைகளையும் நீக்கும் வழி, பற்றை ஆராய்ச்சியிலிருந்து விலக்குவதாக இருத்தல் இயலாது. ஐயரின் பதிப்புகளில் காணப்படும் பொறுமையும் நேர்மையும் பற்றிலிருந்து பிறந்தனவேயன்றிப் பற்றின்மையிலிருந்து பிறந்தனவல்ல. மணிமேகலையைப் பதிப்பிக்கப் புகுந்தபோது, புத்த சமயக் கருத்துகளை மளூர் அரங்காசாரியாரிடம் அவர் கேட்டுக் கேட்டுத் தெளிந்ததும் அதே பற்றின் தொடர்ச்சியாகும். 1887இல் சிந்தாமணி கற்பித்ததை 1898இல் மணிமேகலைப் பதிப்பிலும் காண்கிறோம். ஒரு நூலின்மேல் வைத்த மெய்யான பற்று, அடுத்த நூலுக்கு மாணவனாகும் தகுதியை அவருக்கு அளித்தது.

படிப்போர் வரலாறு தமிழில் இன்னும் எழுதப்படவேண்டியதாகவே உள்ளது. உரைகளையும், ஏடுகளின் இறுதியில் எழுதியோர் விட்டுச்சென்ற குறிப்புகளையும், பதிப்பு முகவுரைகளையும், தள்ளத்தக்கன என ஒதுக்கிய செவிவழிக் கதைகளையும் அந்நோக்கில் திரட்டின், ஒவ்வொரு பெருநூலுக்கும் இத்தகைய வரலாறொன்று கிடைக்கும். பாடியவர் ஒருவராக, காத்தவர் பலராக விளங்கும் இலக்கியத்தில், அப்பலரையும் அறிந்துகொள்ளுதல் நம் கடனாகும்.